ஜெல் அக்காவின் தோள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை ஜெல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான். பதிலுக்கு எனக்குக் கிடைத்த பெயர் ரேடியோ. ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். ஸ்கேன் பிரிவில் நாற்காலி வண்டி தள்ளுவது என் வேலை. வார்டிலிருந்து நோயாளியைக் கூட்டி வருவேன், கட்டிலில் ஏற்றிப் படுக்க வைப்பேன், முடிந்ததும் கொண்டுபோய் விடுவேன். இடையில் பேசுவேன். பேசுவதற்கென்று தனிச் சம்பளம் கிடையாது. அதனால் அதை யாராலும் பிடித்தம் செய்யவும் முடியவில்லை.

அக்காவின் அறை நடையின் கடைசியில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. திரை நன்றாகத் தெரிய வேண்டும் என்று விளக்கை எப்போதும் மங்கலாகவே வைத்திருப்பார். ஒரு கட்டில், ஒரு சுழல் நாற்காலி, சக்கரம் வைத்த ஸ்கேன் இயந்திரம், மூலையில் வெந்நீரில் நிற்கும், ஸ்கேனுக்குத் தோலில் தடவும் ஜெல் பாட்டில்கள். மற்ற அறைகளில் ஜெல்லைச் சில்லென்று அப்படியே பிதுக்கி வைப்பார்கள். அக்கா மாட்டார். "ஜில்லுனு வெச்சா ஆள் மட்டும் சுருங்க மாட்டாங்க ரேடியோ, உள்ளே குழாயும் சுருங்கிடும்" என்பார்.

அந்த இயந்திரம் செய்வது என்ன என்று நோயாளிகள் கேட்டால் அக்கா ஒரு பஸ்ஸை உதாரணம் காட்டுவார். ஹாரன் அடித்துக்கொண்டு பஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் ஒரு மாதிரி இருக்கும், தாண்டிப் போகும்போது வேறு மாதிரி இருக்கும். அதேபோல, கையில் பிடிக்கும் புரோப் உடம்புக்குள் ஒரு சத்தத்தை அனுப்பும். நம் காதுக்கு எட்டாத சத்தம். அது ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பி வரும்போது மாறி வரும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, எங்கே நெருக்கியடித்துப் போகிறது, எங்கே நின்றுபோயிருக்கிறது என்று இயந்திரம் சொல்லிவிடும். திரையில் சிவப்பும் நீலமுமாக ஓடும். கூடவே அதை நாம் கேட்கிற மாதிரி ஒலியாகவும் மாற்றித் தரும். நல்ல ரத்தக்குழாய் சவுக்கைச் சொடுக்கியதுபோலப் பேசும். அடைப்புக்குக் கீழே இருக்கும் குழாய் பெருமூச்சு விடும். நான் அந்த அறை வாசலில் காத்திருந்து காத்திருந்து இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா பீற்றிக்கொள்ளக் கூடாது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் அக்கா முதல் நாளே ஒன்று சொல்வார். "கை கனமா இருக்கக் கூடாது. நீங்க அழுத்தினா குழாய் மூடிக்கும். மூடினா சத்தம் வராது. சத்தம் வரலைன்னா ஓட்டம் இல்லைன்னு எழுதுவீங்க. நீங்க எழுதினதை நம்பி அங்கே வெட்டுவாங்க." இதைச் சொல்லும்போது அக்கா சிரிக்க மாட்டார். சிரிக்கிற மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் அடுத்த வாரமே வயிறு ஸ்கேன் பக்கம் ஓடிப்போனவர்கள்.

அப்படிப்பட்ட கைக்கு வந்ததுதான் சோதனை.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். அக்காவுக்குத் தேய்ந்தது வலது தோள். யோசித்துப் பாருங்கள், நாள் முழுக்கக் கையை நீட்டியபடி, எதன்மேலும் ஊன்றாமல், ஒரு பொருளைப் பூப்போலப் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் படுப்பார். இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது வழக்கமாக வரும் நோவு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் கவனித்ததெல்லாம் அக்காவின் பின்னலைத்தான். எப்போதும் எடுப்பாக இருக்கும் பின்னல் திடீரென்று கோணலாக, பாதியில் தடித்து, பாதியில் மெலிந்து தொங்க ஆரம்பித்தது. ரேடியோ சும்மா இருக்குமா? "அக்கா, பின்னலைப் பார்த்தா டயர் ஏறின கயிறு மாதிரி இருக்கு" என்று நடையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன். அக்கா, "வயசாச்சுப்பா, எப்படி இருந்தா என்ன" என்று உள்ளே போய்விட்டார்.

அக்கா வலியை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு எங்களிடம் ஓர் அம்மா இருந்தார், இதே வேலை. மணிக்கட்டில் வலி என்று சொன்னார். இரக்கப்பட்டு அவரைப் பதிவு கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். அதன்பின் அவர் ஸ்கேன் பக்கமே திரும்பவில்லை. தினமும் டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டே ஓய்வுபெற்றுப் போனார். அக்காவுக்கு அந்தக் கவுன்ட்டர் கண்ணில் நின்றது. எனக்கென்றால் அங்கே மின்விசிறி இருக்கிறதே என்று ஆசைதான். ஆனால் எனக்கு அந்தச் சத்தங்களைக் கேட்காமல் இருக்க முடியும், அக்காவால் முடியாது.

பெயிண்டர் வந்தது அப்படியான ஒரு காலையில்.

கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். ஏணியில் நிற்கிறவருக்குக் கால்தான் முதல். இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. பாதம் வீங்கியிருந்தது. படுத்தால் வலி தாங்காமல் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டபடியே பல நாள் தூங்கியிருக்கிறார், அந்த வீக்கம் அதனால் வந்தது. விரலில் பிடித்த கிருமி மேலே ஏறிக்கொண்டிருந்தது. வண்டியில் உட்கார்ந்து வந்தவர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது சுவரை.

"யாருங்க இதை அடிச்சது? பட்டியை ஒழுங்காத் தேய்க்காமலே பெயிண்டைப் பூசியிருக்கான்."

"அதான் விளக்கை மங்கலா வெச்சிருக்கோம்" என்றேன்.

அவர் சிரித்தார். கூட வந்த மனைவி சிரிக்கவில்லை. "வாயைக் குறைங்க ரெண்டு பேரும்" என்றார். துணிக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்க்கிறவர். கையில் மருந்துச் சீட்டுகள் அடங்கிய பை, முகத்தில் உறக்கமில்லாத கோபம்.

விஷயம் இதுதான். அவருடைய தொடைக் குழாய் அடைத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே போகும் மூன்று குழாய்களில் இரண்டு போய்விட்டன. மூன்றாவது குழாய் கணுக்காலைத் தாண்டிப் பாதத்தின் மேல்பக்கம் வருவது. அது மட்டும் கீழே திறந்திருந்தால், இன்னொரு காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து மாற்றுப்பாதை போட்டுக் காலைக் காப்பாற்றலாம். அதுவும் மூடியிருந்தால் பாதை போய்ச் சேர இடம் இல்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான். சாயம் ஏற்றிப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்றால், அவருடைய சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது, சாயத்தைத் தாங்காது. ஆக, எல்லாம் அக்காவின் கையில் வந்து நின்றது.

அன்று கூட்டம் அதிகம். பெயிண்டருக்கு முன்பே அக்கா பல பேரைப் பார்த்து முடித்திருந்தார். இடுப்பிலிருந்து ஆரம்பித்தார். தொடை, முழங்கால், கெண்டைக்கால் என்று வந்து, பாதத்தில் வெகுநேரம் நின்றார். நான் வாசலில் அடுத்தவரோடு நின்றிருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. சவுக்கும் இல்லை, பெருமூச்சும் இல்லை. கடைசியில் அக்கா புரோப்பைத் துடைத்து மாட்டிவிட்டு, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போடுவது ரேடியாலஜி டாக்டர். ஆனால் அவர் கையெழுத்துப் போடுவது அக்காவின் கை பார்த்ததற்குத்தான்.

பாதத்தில் ஓட்டம் இல்லை. அறிக்கை போய்விட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெயிண்டரை ஆபரேஷன் தியேட்டருக்கு முன்னால் இருக்கும் காத்திருப்பு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனதும் நான்தான். அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், விட்டால் கிருமி முழங்காலையும் கேட்கும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார். வழி நெடுகப் பெயிண்டர்தான் பேசினார். "ஒரு காலோட கீழே நின்னு கலர் கலக்கித் தரலாம்ல?" என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அறையில் நர்ஸ் போர்வையை விலக்கிப் பாதத்தைத் துடைத்தபோது மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். வீங்கிய பாதத்தின் மேல் விரல் நீளத்துக்கு நேராக ஒரு பள்ளம்.

"பாருங்க. காலையில அந்தம்மா வெச்சு அமுக்கினது, இன்னும் எழும்பலை. புண்ணுக் கால்னு ஒரு இரக்கம் வேணாம்? எப்படியும் வெட்டப் போற காலுதானேன்னு நினைச்சுட்டாங்களா?"

"அப்படியெல்லாம் இல்லைம்மா, எங்க அக்கா கை பஞ்சு மாதிரி" என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? நேரே அக்காவின் அறைக்குப் போனேன். அக்கா தனியாக உட்கார்ந்து டப்பாவில் இருந்ததை இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைக்கூட நான் கவனிக்கவில்லை, பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"அக்கா, உங்க மேல புகார் வந்திருக்கு. பெயிண்டர் கால்ல நீங்க முத்திரை குத்திட்டீங்களாம். பள்ளம் இன்னும் அப்படியே இருக்கு" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. கரண்டியை டப்பாவில் வைத்தார்.

"எங்கே?"

"பாதத்து மேலதான். ஏன் அக்கா?"

அவர் முகம் வெளுத்தது. எழுந்தார். காலையில் புரோப்பைப் பிடித்ததுபோல வலது கையைக் காற்றில் நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம்தான். கை நடுங்கித் தானாகக் கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் கட்டில் விளிம்பு இருந்தது, அதில் போய் ஊன்றி நின்றது. அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோ, நான் அவர் கால் மேல கையை ஊன்றியிருக்கேன்" என்றார். "வலி தாங்காம ஊன்றியிருக்கேன். எனக்கே தெரியாம."

முதலில் என் மனசில் வந்தது நல்ல எண்ணம் இல்லை. இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே, இந்த வாயால் அக்காவைக் கவுன்ட்டருக்கு அனுப்பிவிட்டேனே என்றுதான் வந்தது. "அக்கா, அந்தக் கால்ல ஓட்டம் நிஜமாவே இல்லாமலும் இருக்கலாம்ல" என்றேன்.

"இருக்கலாம். பார்க்காம எப்படிச் சொல்ல முடியும்?" என்றவர் போனை எடுத்து ரேடியாலஜி டாக்டரைக் கூப்பிட்டார். அவர் வேறு கட்டடத்தில் இருந்தார். அக்கா இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். எதிர்முனையில், "உடனே போய்ப் பாருங்க, சர்ஜன்கிட்ட நீங்களே சொல்லுங்க, நானும் கிளம்பி வர்றேன்" என்ற குரல் எனக்கே கேட்டது.

இயந்திரத்தின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினேன். அது சக்கரம் வைத்ததுதான், ஆனால் நடையில் ஓடுவதற்காகச் செய்ததில்லை. முன்சக்கரம் ஒன்று கோணி இழுத்தது. லிஃப்ட் வாசலில் வந்து நின்றோம். லிஃப்ட் மேலே எங்கோ துணி வண்டி ஏற்றிக்கொண்டிருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். எத்தனை முறை அழுத்தினாலும் அது தன் இஷ்டத்துக்குத்தான் வரும் என்று தெரிந்தும் அழுத்தினேன். அக்கா பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, கால் போன பிறகு போய் நின்று என்ன ஸ்கேன் பார்ப்பது? லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே நின்றவரைத் தள்ளிக்கொண்டே இயந்திரத்தை ஏற்றினேன். அவர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

காத்திருப்பு அறையில் பெயிண்டர் இன்னும் இருந்தார். தலையில் பச்சைத் தொப்பி போட்டிருந்தார்கள். மனைவி காலடியில் நின்றார். சர்ஜன் கையெழுத்து வாங்கிய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். இயந்திரத்தோடு நாங்கள் நுழைவதைப் பார்த்து நிமிர்ந்தார்.

"என்ன இது?"

அக்கா நேரே அவர் முன்னால் போய் நின்றார். குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கலாம். ஓரமாகக் கூப்பிட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

"சார், காலையில நான் பார்த்தது தப்பா இருக்கலாம். எனக்கு ரொம்ப நாளா வலது தோள் வலி, யார்கிட்டயும் சொல்லலை. கையைத் தூக்கிப் பிடிக்க முடியாம இவர் பாதத்து மேலயே ஊன்றிப் பார்த்திருக்கேன். பள்ளம் விழுந்திருக்கு பாருங்க. நான் அழுத்தினதுல குழாய் மூடியிருக்கலாம்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியலை சார். இன்னொரு தடவை பார்த்தாத்தான் தெரியும்."

சர்ஜன் குனிந்து பாதத்தைப் பார்த்தார். கோபம் அவர் கழுத்து வரைக்கும் ஏறியிருந்தது. ஆனால் கத்தவில்லை. "நானும் பேனா மாதிரி இருக்கற சின்ன டாப்ளரை வெச்சு ஓட்டம் கேக்குதான்னு பார்த்தேன். ஒண்ணும் கேக்கலை."

"ஓட்டம் ரொம்ப மெதுவா இருந்தா, இந்த வீக்கத்துல, அதுல கேக்காது சார்."

"மயக்க டாக்டர் உள்ளே தயாராயிட்டு இருக்கார். இவரை ரொம்ப நேரம் காக்க வைக்க முடியாது. அவர் கூப்பிடறவரைக்கும் பாருங்க."

அதற்குள் பெயிண்டரின் மனைவி அக்காவுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றுவிட்டார்.

"அப்ப காலை எடுக்கணும்னு ஆனதே உங்களாலதானா?"

"ஆமாம்மா. இருக்கலாம்" என்றார் அக்கா.

"இப்ப மறுபடியும் அமுக்கணுமா?"

ரேடியோ அன்றைக்குத்தான் முதல்முறையாக நின்றுபோனது. பெயிண்டர்தான் தலையைத் தூக்கி, "விடும்மா, பார்க்கட்டும். பார்க்கிறதுல என்ன போகுது, போகப் போறது ஏற்கெனவே போகுது" என்றார். மனைவி ஒரு அடி விலகினார். ஒரே அடிதான்.

அக்கா முதலில் இடது கையில் புரோப்பை எடுத்தார். பழகாத கை. திரையில் படம் நழுவி நழுவிப் போனது. இன்னொருமுறை முயன்றுவிட்டு வலது கைக்கு மாற்றினார். பாட்டிலை மொத்தமாகக் கவிழ்த்துப் பாதத்தின்மேல் ஜெல்லைக் குன்றுபோலக் குவித்தார். புரோப் தோலைத் தொடவே கூடாது, ஜெல்லின்மேல் மிதக்க வேண்டும். ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் பொத்தானை, மெதுவாக ஊர்வதையும் பிடிக்கிற அளவுக்குத் திருகிக் குறைத்தார். கை நடுங்க ஆரம்பித்தது. முழங்கை இறங்கிக்கொண்டே வந்தது. புரோப் ஜெல்லுக்குள் அமிழ்வது எனக்குத் தெரிந்தது.

என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. முழங்காலிட்டு, அக்காவின் முழங்கைக்கு அடியில் என் உள்ளங்கைகளைக் கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேலே, ரேடியோ" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தூக்கினேன். ஒரு கை இத்தனை கனம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலையில் இந்தக் கனம் முழுவதும் அந்தப் புண்ணுக் காலில் இறங்கியிருக்கிறது.

திரை கறுப்பாகவே இருந்தது. அக்கா மயிரிழை அளவு நகர்த்தினார். கறுப்பு. இன்னும் கொஞ்சம். உள்ளேயிருந்து ஒருவர் கதவைத் திறந்து, "கொண்டு வரலாமா?" என்றார். சர்ஜன் திரும்பாமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். கதவு திறந்தபடியே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முழங்கையை இறங்க விடாமல் பிடித்திருந்தேன்.

ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி அணைந்தது.

கண் ஏமாற்றியதோ என்று நினைத்தேன். மறுபடி தோன்றியது. அணைந்தது. அக்கா இடது கையால் அதன்மேல் குறியை வைத்து ஒலியைத் திறந்தார். முதலில் வெறும் இரைச்சல். அதற்குள்ளிருந்து, ரொம்பத் தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுவதுபோல, ஊஷ் என்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஊஷ்.

சர்ஜன் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அது என்ன சத்தம்?" என்றார் பெயிண்டர்.

"உங்க கால்தான்" என்றார் அக்கா.

அங்கிருந்து மேலே, கணுக்கால் வரைக்கும், கணுக்காலைத் தாண்டியும் அந்த நூலைப் பின்பற்றிப் போனார். நானும் முழங்காலாலேயே நகர்ந்தேன். குழாய் மெலிந்திருந்தது, ஆனால் அறுபடவில்லை. சர்ஜன் பேனாவை எடுத்துத் தோலில் அதன் வழியைக் கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஜெல்லைத் துடைப்பதும் கோடு போடுவதுமாக அவர் கையெல்லாம் மை. முடிந்ததும் பெயிண்டரின் தலைமாட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"கறுத்த ரெண்டு விரலும் போகும். கிருமியைச் சுத்தம் பண்ணிட்டு, இந்தக் குழாய்க்கு மாற்றுப்பாதை போட்டுப் பார்க்கிறேன். காலைக் காப்பாத்த முடியும்னு உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப வெட்டப் போறதில்லை."

பிறகு அக்காவிடம் திரும்பினார். "இதைப் பத்தி நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்."

"எழுதுங்க சார்" என்றார் அக்கா.

பெயிண்டரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே நடையில் ஒரு நீளப் பெஞ்சு. அதன் ஒரு கோடியில் பெயிண்டரின் மனைவி. மறு கோடியில் அக்கா. அறைக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. ரேடியாலஜி டாக்டர் வந்து அன்றைய மற்ற நோயாளிகளை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டுப் போனார். நான் வண்டி தள்ளுவதும் வந்து எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இரண்டு பேரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் காலியாக இருந்த இடத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். இருசக்கர வண்டி பழுது பார்க்கிறவர். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு மசி. அக்காவால் கொஞ்ச நாளாகவே வண்டியின் கைப்பிடியைப் பிடிக்க முடிவதில்லை, அவர்தான் வந்து கூட்டிப்போகிறார் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்ந்திருந்த பின்னலை எடுத்துச் சரிசெய்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எஞ்சினைக் கழட்டி மாட்டிடலாம் தம்பி. இது மூணே மூணு புரி, பிடிபட மாட்டேங்குது" என்றார்.

கை தூக்க முடியாத பெண்ணுக்குப் புருஷன் போட்டுவிட்ட பின்னல். அதைத்தான் நான் நாலு பேர் கேட்கக் கேலி செய்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. போய் மூன்று டீ வாங்கி வந்தேன். பெயிண்டரின் மனைவி தன் டீயை எடுத்துக்கொள்ளவில்லை. அது பெஞ்சின் நடுவிலேயே இருந்து ஆறிப்போனது.

இருட்டுகிற நேரத்தில் சர்ஜன் வெளியே வந்தார். முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, பாதம் சூடாக இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெயிண்டரின் மனைவி அழுதார். அக்கா எழுந்து வீட்டுக்காரரோடு போய்விட்டார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். விசாரணை வந்தது. தானாக வந்து சொன்னார் என்பதை எழுதினார்கள். மறைத்து வேலை பார்த்தார் என்பதையும் எழுதினார்கள். இரண்டும் உண்மைதானே. அக்காவைப் பதிவு கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டோக்கன் கொடுத்தார். தினமும் தோளுக்குப் பயிற்சி, அதில் வலி உயிர்போகும் என்பார். நான் வண்டியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். சில நாள் சிரிப்பார். சில நாள், "உள்ளே யாரு இருக்கா, சத்தம் எப்படி வருது?" என்று கேட்பார். எனக்கு அதுதான் தாங்காது.

வெகு நாள் கழித்து அக்கா திரும்பி வந்தார். ஒரு நாளைக்கு இத்தனை பேருக்கு மேல் பார்க்கக் கூடாது, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கைக்குத் திண்டு வைத்துக்கொள்ள வேண்டும், வலித்தால் சொல்ல வேண்டும் என்றெல்லாம் விதி. திண்டு போதாத இடங்களில், பாதம் மாதிரி, முழங்கையைத் தாங்க ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

மாற்றுப்பாதை போட்டவர்கள் அவ்வப்போது வந்து, பாதை அடைக்காமல் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயிண்டரும் வந்துகொண்டுதான் இருந்தார். இதுவரை வேறு அறையில் பார்த்தார்கள். அக்கா திரும்பி வந்த பிறகு ஒரு நாள் முதல் தடவையாக எங்கள் அறைக்கு வந்தார். வண்டியில் வரவில்லை, லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தார். மனைவியும் கூடவே. வாசலில் அக்காவைப் பார்த்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார்.

"பக்கத்து அறையும் காலியாத்தாம்மா இருக்கு, அங்கே கூட்டிட்டுப் போறேன்" என்றேன் நான், அவசரமாக.

அந்த அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். அக்கா எழுந்து நின்றிருந்தார். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளையின் முகம் அது.

"வேணாம்" என்றார் அந்த அம்மா. "இவங்களே பார்க்கட்டும்."

பெயிண்டர் கட்டிலில் ஏறிப் படுத்தார். வெதுவெதுப்பான ஜெல்லை வைத்து அக்கா தொடையிலிருந்து ஆரம்பித்தார். சவுக்குச் சத்தம் அறையெல்லாம் சொடுக்கியது. முழங்கால் தாண்டிப் பாதத்துக்கு வந்தார். நான் வழக்கம்போல முழங்கையைத் தாங்கப் போனேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நீங்க தள்ளுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் அக்காவின் முழங்கைக்கு அடியில் கொடுத்தார். அக்கா திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க செஞ்சதை நான் மறக்கலை" என்றார் அந்த அம்மா. "மறக்கவும் மாட்டேன். ஆனா கால் எங்க வீட்டுக் கால். கனத்தை நான் பிடிச்சுக்கறேன், நீங்க பாருங்க."

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஒரு கை இயந்திரத்தில், ஒரு கை அந்த அம்மாவின் கைகளில். துடைக்கக் கை இல்லை.

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார் அந்த அம்மா. "சத்தம் வருதா, அதைச் சொல்லுங்க."

அக்கா ஒலியைத் திறந்தார். வந்தது.